பழைய காருக்கு பிளக் ஒயர் மாற்றுவது: கடலூர், புதுச்சேரி பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார்களுக்கானது இது. காயிலில் உண்டாகும் உயர் வோல்ட் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர், அதைப் பிளக் வரை கொண்டுபோவது பிளக் ஒயர். கார்புரேட்டர் மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் போன்றவை. டீசல் வண்டிக்கு பிளக் ஒயரே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்காரும் புது வண்டிகளுக்கும் இங்கே வேலையில்லை.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. விருத்தாசலத்தில் ஓடும் வண்டியில் ஒயர் பெரும்பாலும் சூட்டில் காய்ந்து வெடித்துப் போகும். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தெருவில் நிற்கும் வண்டியில் ஒயரின் நடுப்பகுதி புதுசு போலவே இருக்கும், இரண்டு முனையும் உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கும். அதனால் கீழே வருகிற பதில்களில் முனைகளைப் பற்றித்தான் அதிகம் பேச்சு.

பிளக் ஒயர்தான் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐட்லிங்கில் வண்டி ஓரளவு ஒழுங்காக நிற்கும். மிதித்தால் இழுக்காது, விட்டு விட்டு இடிக்கும். தென்பெண்ணைப் பாலத்திலோ அரும்பார்த்தபுரம் மேம்பாலத்திலோ டாப் கியரில் ஏறும்போது நன்றாகத் தெரியும். காரணம் எளிது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். ஒயரில் எங்காவது ஓட்டை இருந்தால் பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த வழியாக என்ஜின் பாடிக்குக் குதிப்பது அதற்குச் சுலபம். குதித்துவிடும்.

ராத்திரி விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒயர்கள் மேல் லேசாகப் புகைபோல் அடியுங்கள். கசிகிற இடத்தில் நீலப் பொறி ஓடும், சட் சட்டென்று சத்தமும் கேட்கும். கையை உள்ளே விடாதீர்கள். ஃபேன், பெல்ட் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பொறி தெரியவில்லை என்பதற்காக ஒயர் நல்லது என்று முடிவு செய்துவிட வேண்டாம். உள்ளே கார்பன் நூல் அறுந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு மல்டிமீட்டர் வேண்டும்.

மல்டிமீட்டரில் எவ்வளவு காட்ட வேண்டும்?

ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி, இரு முனை உலோகத்திலும் மீட்டர் ஊசியை வைத்து ஓம் பாருங்கள். கார்பன் ஒயர் என்றால் நீளத்தைப் பொறுத்துச் சில ஆயிரம் ஓமிலிருந்து 15, 20 ஆயிரம் ஓம் வரை காட்டலாம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரியான அளவு இருக்கும். அது கையில் இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒப்பிட்டே பாதி தெரிந்துகொள்ளலாம். நீளமான ஒயர் அதிகம் காட்டுவது நியாயம். குட்டி ஒயர் நீள ஒயரைவிட அதிகம் காட்டினால் அதன் மேல் சந்தேகம். மீட்டர் நகரவே இல்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது.

மீட்டரை வைத்தபடியே முனைப் பக்கத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எண் குதித்துக் குதித்து மாறினால், கிரிம்ப் செய்த (முனை உலோகத்தை ஒயரோடு நசுக்கி இறுக்கிய) இடத்தில் பிடி விட்டிருக்கிறது. நம் ஊர் ஒயர்கள் அதிகம் சிக்குவது இந்தச் சோதனையில்தான். முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சையாகவும் அலுமினிய முனையில் வெள்ளையாகவும் பூத்திருக்கும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டி ஓடும்போதே ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்து எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று சொல்கிறார். நானும் செய்யலாமா?

வேண்டாம். பாயின்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னச் சுவிட்ச்) வைத்த பழைய வண்டிகளில் கை பழகியவர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். ஆனால் அந்த ஒயரில் பல்லாயிரம் வோல்ட் ஓடுகிறது. எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் அடி இன்னும் பலம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் என்ஜினின் ஒயர் பக்கமே போகக் கூடாது. அதோடு, போக வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயோ இக்னிஷன் மாடியூலுக்குள்ளேயோ வழி தேடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சேர்ந்து அதையும் கெடுக்கும்.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை காப்பிப் பழுப்பில் காய்ந்திருக்க, ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்து கறுப்பாக இருந்தால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

மழை பெய்தால் மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது. ஒயர் மாற்றினால் போதுமா?

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை, அதாவது கேப்பைத் திறந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் அதிகம், பாதிக்கு மேல் கேப்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. உள்ளே ஈரம் கோத்திருக்கும். அதைவிட மோசம், பென்சிலால் கோடு கிழித்தது போல மெல்லிய கறுப்புத் தடம். அந்தத் தடம் மின்சாரம் தானே போட்டுக்கொண்ட பாதை. துடைத்தாலும் திரும்ப வரும், கேப்பை மாற்றத்தான் வேண்டும். நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கார்பன் குச்சி ஒன்று இருக்கும். அது தேய்ந்து உள்ளே போயிருக்கிறதா, அழுத்தினால் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கேப்புக்குள் சுற்றும் ரோட்டரின் முனை அரித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வெறும் ஈரம்தான் என்றால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஹேர் டிரையர் இருந்தால் இன்னும் நல்லது. ஈரம் விரட்ட டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அடித்த உடனே மூடிச் செல்ஃப் அடிக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி ரோட்டரின் பொறியில் பற்றிக்கொள்ளும். துடைத்து, காற்றாடவிட்டு, அப்புறம் மூடுங்கள்.

என்ஜின் வரை தண்ணீர் ஏறிய வண்டி வேறு கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே எத்தனையோ தெருக்களில் வண்டிகள் முழுகி நின்றன. அப்படி நின்ற வண்டியில் பிளக் ஒயரைப் பற்றி யோசிக்கிற நேரம் அது இல்லை, செல்ஃபையே தொடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றலாமா?

அவசரத்துக்கு மாற்றலாம். மற்றபடி செட்டாக மாற்றுவதுதான் சரி, காயிலிலிருந்து கேப்புக்கு வரும் நடு ஒயரையும் சேர்த்து. எல்லாம் ஒரே சூட்டிலும் ஒரே காற்றிலும் கிடந்தவை. ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். மாருதி 800-இல் மூன்று பிளக் ஒயரும் ஒரு காயில் ஒயரும், ஆக நான்கு. அம்பாசடர், பத்மினியில் ஐந்து.

என்ன பார்த்து வாங்க வேண்டும்?

வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி வாங்குங்கள். "800-க்கு ஒயர் கொடுங்க" என்றால் கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்று கடைக்காரரே திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் நீங்கள் சொல்லுங்கள். பழைய செட்டைக் கையோடு கொண்டுபோய் நீளம் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. குட்டையாக இருந்தால் இழுத்து மாட்ட வேண்டியிருக்கும், ஓட்டத்தின் ஆட்டத்தில் கழன்றுகொள்ளும். ரொம்ப நீளமென்றால் தொங்கி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டு உருகும்.

கடையிலேயே பூட்டைப் பின்னுக்குத் தள்ளி முனையைப் பாருங்கள். உலோகம் ஒயரை இறுக்கிக் கவ்வியிருக்க வேண்டும், பிடித்துத் திருகினால் தனியாகச் சுற்றக் கூடாது. பூட்டின் ரப்பர் கெட்டியாக, பிளாஸ்டிக் போல இருந்தால் அது பல வருஷமாக அலமாரியில் கிடந்த சரக்கு.

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் இங்கே கிடைக்காதபோது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடலாம். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் செம்புக் கம்பி ஒயர் இந்த இரண்டு வண்டிக்கும் ஓடும். ஆனால் அதற்கு ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடுங்கள், இல்லாவிட்டால் ரேடியோவில் கரகரப்பு தாங்காது. எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குச் சாதாரணச் செம்பு ஒயர் போடவே கூடாது, அந்த இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பும். ஊசித் திருகு ஒயரைக் குத்திப் பிடிக்கிற பழைய மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உங்கள் வண்டியில் இருந்தால் மட்டும் செம்பு ஒயர்தான் பொருத்தம். கார்பன் நூலில் அந்த ஊசிக்குப் பிடி கிடைக்காது.

சிவப்பு கலரில் தடியாக ஒரு செட் காட்டுகிறார்கள். பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார்கள்.

நல்ல ஒயர் இருக்கிற வண்டியில் இரண்டும் அதிகமாகாது. கெட்ட ஒயரைக் கழற்றிவிட்டு எந்த நல்ல செட்டைப் போட்டாலும் கூடும்.

சரி, மாற்றுவது எப்படி?

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுவது இன்னும் நிம்மதி. ஆம்னி என்றால் முன் சீட்டைத் தூக்கினால்தான் என்ஜின் தெரியும். உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள், குனிந்தே நின்றால் இடுப்பு போய்விடும்.

எதையும் தொடுவதற்கு முன் ஃபோனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்கள். புது ஒயர்களைத் தரையில் நீள வரிசையில் பரப்பி, பழையதோடு எது எதற்குப் பொருந்தும் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்த வேலையில் சட்டம் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு ஒயர். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டி முடித்த பிறகுதான் அடுத்ததில் கை. நான்கையும் மொத்தமாகப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, "எது எங்கே இருந்தது?" என்று விழிப்பதற்கு அவசியமே இல்லை.

கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டைப் பிடித்து, முதலில் இடமும் வலமுமாகக் கால் சுற்றுத் திருகுங்கள். ஒட்டியிருந்தது விடுபடும். பிறகு நேராக இழுங்கள். பீங்கான் பாகத்தில் ஒட்டிக்கொண்ட பூட்டைக் கோணலாக நெம்பினால் பிளக்கின் பீங்கான் விரிசல் விடும், அந்த விரிசல் கண்ணுக்கும் தெரியாது.

கழற்றியதும் கேப்பின் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் இந்த இடத்தைத் தாண்டிப் போகவே கூடாது. உள்ளே பச்சைப் பொடி இருந்தால், உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிச் சுரண்டி, பொடியை ஊதித் தள்ளுங்கள். அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் கேப்பையும் மாற்றுங்கள். அழுக்குக் குழியில் புது ஒயரைச் செருகினால் அடுத்த மழைக்குள் புது முனையும் பச்சை பூத்துவிடும்.

மாட்டும்போது முனை உள்ளே போய் உட்கார்வது கையில் தெரிய வேண்டும், 'டக்' என்று. பிளக் பக்கம் பெரும்பாலும் சத்தமே கேட்கும். கேப் பக்கம்தான் ஏமாற்றும். ரப்பர் பூட்டு முதலில் போய் மூடிக்கொள்ளும், உள்ளே அடைபட்ட காற்று முனையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும். பூட்டின் விளிம்பைச் சற்றுத் தூக்கிக் காற்றை வெளியே விட்டு, மறுபடி அழுத்துங்கள். பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

பழைய ஒயர் போன அதே வழியில், அதே கிளிப்பில் புதியதும் போக வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2 என்றால் 3-ம் 4-ம் அடுத்தடுத்து வெடிப்பவை. அந்த இரண்டு ஒயரையும் சேர்த்து டை போட்டு ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒன்றில் ஓடும்போது மற்றதிலும் மின்சாரம் தூண்டப்பட்டு, நேரமில்லாத நேரத்தில் பொறி விழலாம்.

பிளக்கையும் இதோடு மாற்றுவதென்றால், புது பிளக்கைக் கையாலேயே கடைசி வரை சுற்றி, பிறகு பிளக் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். மாருதியின் ஹெட் அலுமினியம். ஸ்பேனரில் குழாய் சொருகி முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

மொத்தமாகக் கழற்றிவிட்டேன். இப்போது வண்டி பேக்ஃபயர் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

செல்ஃபை நிறுத்துங்கள். ஒயர் இடம் மாறியிருக்கிறது. மாருதி 800, ஆம்னிக்கு வெடிக்கும் வரிசை 1-3-2. பெல்ட் பக்கம் இருப்பது 1. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. என்ஜினுக்கும் பத்மினிக்கும் 1-3-4-2, ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1. இந்த வரிசை ரோட்டர் சுற்றும் திசையில் போக வேண்டும்.

ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது? கேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரை ஒரு நொடி செல்ஃப் அடிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். காயில் ஒயர் கழன்றிருக்கிறதா, அதன் முனை உலோகத்தில் எர்த் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1-ஆம் நம்பர் குழியைக் கண்டுபிடிக்க எல்லா பிளக்கையும் கழற்றி, 1-ஆம் பிளக் ஓட்டையை விரலால் மூடுங்கள். சமதளத்தில் டாப் கியர் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கினால் அது கம்ப்ரஷன். புல்லியின் குறி டைமிங் குறிக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். இப்போது ரோட்டர் எதைப் பார்க்கிறதோ அதுதான் 1. அங்கிருந்து சுற்றும் திசையில் எண்ணி மாட்டிக்கொண்டே போங்கள்.

மூன்று சிலிண்டர்காரர்களுக்கு ஒரு ஆறுதல். 1 சரியாக இருந்தால், மீதி இரண்டை ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்த்தாலே முடிந்தது. வேறு வாய்ப்பே இல்லை.

பூட்டுக்குள் வாசலின் தடவலாமா? சிலர் வீல் கிரீஸ் வைக்கிறார்கள்.

இரண்டும் பெட்ரோலியச் சரக்கு, ரப்பரை ஊதி இளக வைக்கும். வீல் கிரீஸ் சூட்டில் உருகி வழியவும் செய்யும். டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டால் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸ்தான் இதற்கு. பூட்டின் உள் சுவரில் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே உலோக முனையை அதில் முக்கி எடுக்காதீர்கள். வேலை என்னவென்றால், உப்பு ஈரத்தை உள்ளே விடாமல் வாயை மூடுவது. பண்ருட்டிக்காரர் இதைச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, சிங்காரத்தோப்பில் வண்டி நிறுத்துபவர் செய்தே ஆக வேண்டும்.

எலி கடித்துவிட்டது. இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா?

போதாது. அந்த டேப் வீட்டு ஒயரிங்குக்குச் செய்தது. பிளக் ஒயரில் ஓடும் வோல்டுக்கு அது ஒரு தடையே இல்லை.

ஆம்னியில் பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, கேஸில் போட்டால் மட்டும் மிஸ்ஸிங். கேஸ் கிட் கோளாறா?

இருக்கலாம், ஆனால் ஒயரையும் பிளக்கையும் முதலில் பாருங்கள். கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். பெட்ரோலில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த பலவீனமான ஒயர் கேஸில் மாட்டிக்கொள்ளும். தள்ளிப்போடவும் வேண்டாம். எரியாத கேஸ் இன்டேக் பக்கம் வெடித்தால் ஏர் ஃபில்டர் டப்பா பிளக்கும்.

புது ஒயர் போட்டும் மிஸ்ஸிங் நிற்கவில்லை.

கேப் பக்கத்து முனைகளை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். அடுத்து பிளக் இடைவெளி, பாயின்ட், கண்டென்சர், காயில். இவ்வளவும் சரி என்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பெட்ரோலையே சந்தேகப்படலாம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

எஃப்.சி.க்கு முன் ஒயர் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் வண்டியில் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் இருந்தால், எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாக வந்து புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகார்பன் அளவை ஏற்றிவிடும். மிஸ்ஸிங் இல்லாத வண்டிக்கு, அளந்து பார்த்தபோது ஒயர் நன்றாக இருந்தால், சும்மா மாற்ற வேண்டியதில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்றும் சொல்லாது. கடலோரத்தில் ஓடாமல் நிற்கும் வண்டியின் ஒயர்தான் சீக்கிரம் போகும். என்ஜின் சூடே ஏறாததால் ஈரம் காய வழியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன்னால், ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பாருங்கள். மீட்டர் போட்டுப் பாருங்கள். அது சொல்வதைக் கேளுங்கள்.

வாட்டர் சர்வீஸில் என்ஜினையும் கழுவச் சொல்லலாமா?

உப்பும் மண்ணும் போக வேண்டும் என்கிற ஆசை புரிகிறது. பிரஷர் கன்னை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் காட்டாமல் இருந்தால் சரி. ஒரு பாலித்தீன் கவரைக் கேப் மேல் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, அதன் பிறகு வண்டியைக் கழுவ விடுங்கள். முடிந்ததும் கவரை எடுக்க மறக்காதீர்கள்.

பழைய ஒயர்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

மீட்டரில் நன்றாகக் காட்டிய ஒன்றை, இருப்பதில் நீளமானதை, வைத்துக்கொள்ளுங்கள். முனையைச் சுத்தம் செய்து, கவரில் போட்டு, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். நீள ஒயர் எந்தச் சிலிண்டருக்கும் எட்டும். காயில் ஒயரின் முனை சில வண்டிகளில் வேறு மாதிரி இருக்கும், அது நடு ஒயருக்கும் பொருந்துகிறதா என்று வைப்பதற்கு முன் ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.